சேற்றில் இறங்கும் வண்டிக்கும் முழு விலைதான்

“உழப் போற வண்டிதானேண்ணே, சேத்துல இறங்கினா எல்லாம் ஒண்ணுதான்.”

புது டிராக்டரின் பானெட்டில் ஒடுக்கு விழுந்திருக்கிறதே என்று விரலை வைத்துக் காட்டும் விவசாயிக்கு ஷோரூமில் கிடைக்கும் முதல் பதில் இது. கடைக்காரர் மட்டும் சொன்னால் வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிடலாம். கூட வந்த மச்சானும் அதையேதான் சொல்கிறார். டீக்கடையில் சொல்கிறார்கள், கடன் கொடுத்த வங்கியிலிருந்து வந்தவரும் சொல்கிறார். படித்த நண்பர்கள் கொஞ்சம் நாகரிகமாக, “மெஷின் கண்டிஷன் நல்லா இருந்தாப் போதாதா, மேல் பூச்சிலயா சார் உழப் போறீங்க?” என்று கேட்கிறார்கள். ஊரே ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து என்பதால் இதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. உரசிப் பார்த்தால் இது நிற்காது. கணக்குப்படியும் தவறு, இயந்திர அறிவின்படியும் தவறு, சட்டப்படியும் தவறு.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். இன்று 45, 50 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று பதிவு, காப்பீடு எல்லாம் முடிந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் 7, 8 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அது பழுதில்லாத புது வண்டிக்குச் சொன்ன விலை. கொட்டேஷன் கொடுத்தபோது ‘பானெட்டில் ஒடுக்கோடு சேர்த்து இந்த விலை’ என்று யாரும் எழுதித் தரவில்லை. நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு, அறுவடைக்கு அறுவடை தவணை கட்டப் போகிறவரின் கடன் தொகையில் அந்த ஒடுக்குக்காக ஒரு ரூபாயும் குறைக்கப்படவில்லை. நாளைக்கு அவரே வரப்பில் ஏற்றும்போது மட்கார்டு கருவேல மரத்தில் உரசிக் கீறல் விழும். விழட்டும். அந்தக் கீறல் விழுந்த நாளில் அவருடைய வயல் உழப்பட்டிருக்கும், அல்லது அடுத்தவர் வயலை உழுத கூலி கைக்கு வந்திருக்கும். டீலரின் யார்டில் விழுந்த கீறலுக்கு ஈடாக அவருக்கு என்ன கிடைத்தது?

அதே ஊரில், அதே சாலையில் கார் விற்கும் கடைக்காரர், “ரோட்டுல ஓடுற காருதானே, தூசி படத்தானே போகுது” என்று வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டு வியாபாரம் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். டிராக்டர் வாங்க வருகிறவரிடம் மட்டும் சொல்ல முடிகிறது என்றால், சேற்றில் வேலை செய்கிறவருக்குப் பொருளின் நேர்த்தியைப் பற்றிக் கேட்க உரிமையில்லை என்ற எண்ணம் அங்கே ஊறிப்போயிருக்கிறது. ஆயுத பூஜையன்று வண்டியைச் சக்கரத்தின் இடுக்கு வரை கழுவிச் சந்தனம் வைக்கிறவர் அவர். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் போட்ட கையோடு டிராக்டருக்கும் மாலை போடுகிறவர். தன் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்ட எவருக்கும் உரிமை கிடையாது.

அழகை விடுங்கள், பயனை மட்டும் பேசுவோம் என்கிறவர்களோடும் பேசலாம். வெளியே தெரியும் அடி உள்ளே எதைத் தொட்டது என்பதை, ஷோரூம் வாசலில் நின்றபடி ஒரு விற்பனைப் பிரதிநிதி சொல்லிவிட முடியாது. முன் கிரில் உள்வாங்கியிருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது ரேடியேட்டர். அதன் மெல்லிய தகடுகள் மடங்கியிருந்தால் காற்று சரியாகப் புகாது. அன்றைக்கு எதுவும் தெரியாது. சித்திரை வெயிலில் கோடை உழவு ஓட்டும்போது இன்ஜின் சூடேறும், அப்போது காரணம் எங்கே என்று தேடிக்கொண்டிருப்போம். லாரியில் ஏற்றி வரும்போது முன் ஆக்சில் பக்கம் சங்கிலி போட்டு இறுக்குகிறார்கள். பவர் ஸ்டியரிங் சிலிண்டரின் தண்டு இருப்பதும் அங்கேதான். குரோம் பூசிய அந்தத் தண்டில் நகம் தட்டுகிற அளவு கீறல் இருந்தாலும், ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது ஆயில் சீலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். சில மாதம் கழித்து எண்ணெய் கசியும்போது, “நீங்க ஓட்டினதுல ஆனது” என்பார்கள். ரொட்டவேட்டரில் பக்கவாட்டு கியர் மூடியில் விழுந்த அடியும் இப்படித்தான். பார்வைக்குச் சின்னத் தழும்பு, உள்ளே இருப்பது எண்ணெயில் ஓடும் பற்சக்கரம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு வண்டி உங்கள் கைக்கு வருமுன் எங்கெல்லாம் போய் வந்தது என்பதை அதன் மேனிதான் சொல்லும். பின்பக்கம் லோயர் லிங்க்கில் கருவி மாட்டும் இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா? பி.டி.ஓ. தண்டின் பற்கள் தேய்ந்து மின்னுகின்றனவா? கால் வைக்கும் படியில் பூச்சு போயிருக்கிறதா? அப்படியானால் யாரோ அதில் கலப்பையோ ரொட்டவேட்டரோ பூட்டி ஓட்டியிருக்கிறார்கள். செயல்விளக்கத்துக்கு ஊர் ஊராகக் கொண்டு போன டெமோ வண்டியாக இருக்கலாம். உடனே ஹவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். பானெட்டின் ஒரு பக்கம் வெளிறி, இன்னொரு பக்கம் அடர்த்தியாக இருக்கிறதா? போல்ட் தலைகளில் துரு, டயரின் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு, சீட் உறையில் வறட்சி இவையெல்லாம் சேர்ந்து தெரிகின்றனவா? வெயிலிலும் மழையிலும் பல மாதம் நின்ற பழைய ஸ்டாக் அது. பெரும்பாலான டயர்களில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கத்தில் அச்சாகியிருக்கும். 1424 என்றால் 2024ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். பேட்டரியிலும் தேதி இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் பதிவாகும். விற்கப் போகும் நாளில் விலையை நிர்ணயிப்பது நீங்கள் வாங்கிய ஆண்டு அல்ல, அந்த ஆண்டுதான். மேனியைப் பார்க்காதே என்று புத்தி சொல்கிறவர்கள், இத்தனை உண்மைகளும் எழுதியிருக்கும் இடத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொள் என்கிறார்கள்.

பெயிண்ட்டையே எடுத்துக்கொண்டாலும் அது ஒப்பனைக்காகப் பூசியதில்லை. தகட்டைக் கழுவி, ரசாயனக் குளியல் கொடுத்து, பிரைமர் ஏற்றி, அதற்கு மேல் வண்ணம் பூசி, அடுப்பில் வைத்துச் சுட்டு ஏற்றிய காப்பு அது. கீறல் இரும்பு வரை இறங்கிவிட்டால் அந்த இடத்தில் காப்பு இல்லை. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து சென்று, சுற்றியிருக்கும் நல்ல பூச்சையும் கிளப்பிவிடும். விவசாய வண்டி சந்திப்பது வெறும் தண்ணீரை மட்டும் இல்லை. பொட்டாஷ் என்று நாம் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குவது பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு பட்ட இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். நாகப்பட்டினம், இராமநாதபுரம் கடலோரங்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் காருக்குக்கூட இவ்வளவு சோதனை இல்லை. சேற்றில் இறங்கும் வண்டி என்பதாலேயே அதன் பூச்சு இன்னும் கெட்டியாக, முழுமையாக இருக்க வேண்டும். கடைக்காரர் எந்தக் காரணத்தைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறாரோ அதே காரணம் அவருக்கு எதிராகத்தான் நிற்கிறது.

அடுத்து வருவது வாரண்டிப் பேச்சு. “பெயிண்ட், கீறல் எல்லாம் வாரண்டில வராதுங்க.” இதைச் சொன்னதும் பலர் வாயடைத்துப் போகிறார்கள். வாயடைக்கத் தேவையே இல்லை. வாரண்டி என்பது வண்டி உங்கள் கைக்கு வந்த பிறகு என்ன ஆனால் என்ன செய்வோம் என்று நிறுவனம் கொடுக்கும் உறுதி. கைக்கு வருமுன்பே அடிபட்ட வண்டியைப் பற்றிப் பேச வாரண்டிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. அது விற்பனை பற்றிய கேள்வி. பேசிய பொருளைப் பேசிய நிலையில் கொடுத்தாரா இல்லையா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஏற்றுக்கொண்ட பின்னும், குறைக்கு ஏற்ப விலையில் கழிவு கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. ஆனால் நியாயமான காலம் கடந்தும் மூச்சு விடாமல் வண்டியை வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். “அப்புறம் பார்த்துக்கலாம்ணே” என்ற ஆறுதல் எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கேதான் புரியும்.

நுகர்வோர் சட்டம் விவசாயிக்குப் பொருந்தாது, டிராக்டர் சம்பாதிக்கும் வண்டி என்று ஒரு வாதமும் உலவுகிறது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டம், தன் உழைப்பால் தன் பிழைப்புக்காக ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. பல வண்டிகளை வாங்கி ஆள் போட்டு வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தடை வரலாம். அவர்களுக்கும் 1930 சட்டம் இருக்கிறது. சொந்த மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டு அவகாசம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். புகாருக்கு முன்பே 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அனுபவசாலிகள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதுதான் இந்தப் பொதுக்கருத்தின் உண்மையான முதுகெலும்பு: “டீலரைப் பகைச்சுக்காதே. நடவு நேரத்துல வண்டி நின்னா அவன்தான் வரணும்.” இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கம்பெனிக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு டீலர்தான் இருக்கும் பகுதிகள் நிறைய. தண்ணீர் கட்டிய வயலில் வண்டி நின்று, நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் காத்திருக்கும் காலையில் மெக்கானிக் வருவாரா மாட்டாரா என்பது உயிர்ப் பிரச்சினை.

ஆனாலும் இந்த வாதம் எதை ஒப்புக்கொள்கிறது என்று பாருங்கள். முழு விலை கொடுத்தவருக்கு வர வேண்டிய சர்வீஸ், வாயை மூடிக்கொண்டால்தான் வரும் என்கிறது. அது உண்மையானால் ஒடுக்கைவிடப் பெரிய நோய் அது. அடங்கிப் போவது அதற்கு மருந்தாகாது. முதல் நாளே அடிபட்ட வண்டியைப் பேசாமல் ஓட்டிச் சென்றவரை அந்தக் கடை எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும்? இவரைக் காக்க வைக்கலாம், இவருக்கு எதைச் சொன்னாலும் செல்லும் என்றுதான். மேலும், இலவச சர்வீஸுக்கும் வாரண்டி வேலைக்கும் டீலர் தன் கைக்காசைப் போடுவதில்லை, நிறுவனம் அவருக்குக் கணக்குத் தீர்க்கிறது. அதே நிறுவனத்தின் வேறு டீலரிடமும் சர்வீஸ் கேட்கலாம். கேட்கும் விதத்தில்தான் பகை வருகிறது, கேட்பதில் வருவதில்லை. கூட்டம் சேர்த்துச் சத்தம் போடாமல், படமெடுத்து, எழுத்தில், மரியாதையாக, இது இது இப்படி இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பவரை எந்த நல்ல வியாபாரியும் எதிரியாக நினைக்க மாட்டார்.

“பாவம், டீலருக்கே மிச்சம் கம்மி, இதையும் அவர் தலையில கட்டணுமா” என்று இரக்கப்படுகிறவர்களும் உண்டு. அவர் தலையிலேயே அது நிற்க வேண்டியதில்லை. தொழிற்சாலையிலிருந்து லாரி வந்து நிற்கும்போது வண்டியைச் சோதித்து, அடி இருந்தால் லாரி ரசீதில் குறித்துக்கொள்வது அவருடைய வேலை. வழிச் சேதத்துக்குக் காப்பீடு இருக்கிறது. லாரிக்காரரிடம் நஷ்டஈடு கேட்க 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வழி செய்கிறது; சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தால் போதும். டீலருக்கு இத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன. அவர் ஒன்றையும் தட்டாமல், கதவே இல்லாத விவசாயியிடம் வந்து நிற்கிறார். விவசாயி பேசாமல் வாங்கிக்கொண்டால் சேதம் கணக்கிலேயே ஏறாது. சங்கிலி எங்கே உரசுகிறது, எந்த வளைவில் வண்டி இடிபடுகிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியவே வராது. அடுத்த லோடும் அதே அடியோடு வந்து இறங்கும்.

மானியத்தில் வாங்கும் கருவிகளில் இந்த அநியாயம் இரட்டிப்பாகிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு. பவர் டில்லரோ ரொட்டவேட்டரோ துருவும் ஒடுக்குமாக வந்து நின்றால், “பாதி விலைக்குத்தானே வருது, இதைப் போய்ப் பேசறீங்களே” என்கிறார்கள். விற்பவருக்குப் பாதி விலையா வருகிறது? விவசாயியின் பங்கும் அரசின் பங்கும் சேர்ந்து முழு விலை அவருக்குப் போய்ச் சேருகிறது. அடிபட்ட கருவியைத் தள்ளிவிடும்போது விவசாயியின் பணத்தோடு மக்களின் வரிப்பணமும் ஏமாற்றப்படுகிறது. ஆகவே மானியக் கருவியில் இருக்கும் குறையை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இனாமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பதெல்லாம் இங்கே செல்லாது. இனாம் எதுவும் இங்கே இல்லை.

சமாதானம் பேசும் முறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, “ஒரு டூல் பாக்ஸ், ஒரு டாப் லிங்க் சேர்த்துத் தர்றேன், விடுங்க.” பல மாடல்களில் டூல் கிட், டாப் லிங்க், டிராபார், ஹூக் எல்லாம் வண்டியோடு நிறுவனமே கொடுப்பவை. உங்களுக்குச் சேர வேண்டியதையே எடுத்து உங்களுக்கு ஈடாகக் கொடுக்கிறார்கள். வண்டியோடு என்னென்ன வரும் என்ற பட்டியலைக் கேட்டு வாங்காமல் எந்த ஈட்டுக்கும் தலையசைக்கக் கூடாது. விலைக் கழிவு என்றால் அது பில்லில் ஏற வேண்டும், வாய்ச்சொல்லில் அல்ல. இன்னொன்று, “நம்ம பையன்கிட்ட விட்டு டிங்கரிங் பார்த்துப் பட்டி போட்டு அடிச்சுத் தர்றேன், கண்டே பிடிக்க முடியாது.” கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கும் தரகர் பானெட்டைத் தட்டிப் பார்த்து, விளிம்பில் விரலை ஓட்டி, ரப்பர் ஓரத்தில் தெறித்த பெயிண்ட்டைப் பார்த்து, “இது அடிபட்ட வண்டி” என்று ஒரே சொல்லில் விலையை இறக்கிவிடுவார். அன்றைக்கு நீங்கள் எத்தனை சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். பட்டறையில் அடித்த பெயிண்ட் இரண்டு கோடை வெயிலில் தனியாக வெளிறியும் நிற்கும். ஒடுக்கு விழுந்த பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் சரியான பரிகாரம் நிறுவனத்திலிருந்து வரும் புதுத் தகடுதான்.

இதற்காக எல்லாக் கீறலுக்கும் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. ரொட்டவேட்டர் கத்தியின் பெயிண்ட் முதல் சுற்றிலேயே போய்விடும், கலப்பைக் கொழுவும் கேஜ்வீலும் அப்படித்தான். அவற்றில் கீறல் தேடுவது வேண்டாத வேலை. இரும்பு வரை இறங்காத மெல்லிய கோட்டுக்கு நிறுவனத்தின் அதே வண்ணத்தில் டச்-அப் செய்தால் போதும். தகட்டில் ஒடுக்கு என்றால் தகடு மாற வேண்டும். ஆக்சில், ரேடியேட்டர், சிலிண்டர் பக்கம் அடி என்றாலோ, டெமோ வண்டி, பழைய ஸ்டாக் என்று தெரிந்தாலோ வேறு சேஸிஸ் எண்ணில் வேறு வண்டிதான் வேண்டும். அதில் தயங்கவே கூடாது.

இதற்கெல்லாம் நேரம் முக்கியம். டெலிவரி நாள் நம் ஊரில் எப்படி நடக்கிறது? வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து, ராகு காலத்துக்கு முன்னால் வண்டியை எடுத்தாக வேண்டும். அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லாரும் வந்து நிற்கிறார்கள். மாலை போட்டாயிற்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அந்த நேரத்தில்தான் சூரியன் சாய்ந்த வெளிச்சத்தில் மட்கார்டின் ஒடுக்கு கண்ணில் படுகிறது. வாயைத் திறந்தால், “நல்ல காரியத்துல இது என்னப்பா” என்று வீட்டுப் பெரியவரே அடக்கிவிடுவார். அதற்குள் பதிவும் உங்கள் பெயரில் முடிந்திருக்கும், “ஆர்.டி.ஓ.வுல ஏறிடுச்சுண்ணே, இனி மாத்த முடியாது” என்று கடைசிப் பூட்டும் விழும். எனவே பணம் முழுதாகக் கட்டுவதற்கும் பதிவுக்கு அனுப்புவதற்கும் முன்பாக, சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, அதே எண்ணுள்ள வண்டியைப் பகல் வெளிச்சத்தில், கழுவிய நிலையில், மாலை இல்லாமல் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும், அடியிலும், ஹவர் மீட்டரையும் படமெடுக்க வேண்டும்.

டெலிவரி நாளில் நீட்டப்படும் காகிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். தமிழ்நாட்டு விவசாயியிடம் அவருக்குப் புரியாத மொழியில் இப்படி ஓர் ஒப்புதலை வாங்குவதே முறையில்லை. தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும் என்று விவசாய சங்கங்கள் கேட்க வேண்டும். அதுவரை, கையெழுத்துக்கு மேலே தமிழிலேயே எழுதலாம், தடுக்க எந்த விதியும் இல்லை: ‘பானெட்டின் இடப்பக்கம் ஒடுக்கு உள்ளது, வலது மட்கார்டில் இரும்பு தெரியும் கீறல் உள்ளது, இந்தத் தேதிக்குள் புதுத் தகடு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளனர்.’ அதற்குக் கீழே கிளை மேலாளரின் கையெழுத்து, தேதி, கடை முத்திரை, உங்களுக்கு ஒரு நகல். கையெழுத்துப் போட மறுத்தால் வண்டியை எடுக்காமல் திரும்புங்கள். எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், அதே வாசகத்தைப் படங்களோடு அன்று மாலைக்குள் ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு டீலருக்கும் நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.